பிரேக் இல்லாத பக்கம்

எங்கள் பழைய காரில், சாரதிக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், வலது கால் வைக்கும் இடத்தில் கம்பளம் தேய்ந்து நூல் தெரிகிறது. ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும். காரின் மற்ற எல்லாம் புத்தம் புதிதுபோல் மினுங்க, அந்த இடம் மட்டும் பழைய பாய்போலக் கிடக்கிறது. போன கிழமை காரைக் கழுவக் கொடுத்த இடத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அதே நிறத்தில் கம்பளம் இருக்கிறது, வெட்டிப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் மனிதர் ஓர் அடி பின்னால் போய்விட்டார். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அவருக்கு என்ன தெரியும்?

அந்த இடத்தில் பெடல் எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு கோடைகாலம் என் கணவர் அங்கே காலை ஊன்றி ஊன்றிப் பிரேக் பிடித்தார். ஓட்டியது நான். வருடக்கணக்காகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் நான். பனியிலும் மழையிலும் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஒருவருக்கும் ஒரு கீறல் வந்ததில்லை. அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, முன்னால் சிவப்பு விளக்குத் தெரிவதற்கு முன்பே இவர் கால் கீழே போகும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். கால்தான் பேசும்.

இவர் இருந்த இடத்தில் இருக்காத மனிதர். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இருந்தாலும் பாதியில் எழுந்து யாருக்காவது தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட ஒரு கையில் ஸ்குரூ திருப்பி இருக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று என் அம்மா சொல்வார். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து, அடுத்த வீட்டுக்காரரின் புல்வெட்டும் மெசினைத் திருத்தப் போவார். நான் கத்துவேன். "இன்னும் ஒரு சின்ன வேலைதான்" என்பார். எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய வசனம் அதுதான்.

அந்தக் காரின் கதை பார்க்டேலில் தொடங்கியது. இவர் இருபது வயதில் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, நகரின் அந்தப் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் ஏழெட்டுப் பேரோடு ஓர் அறையில் இருந்தார். முதல் குளிர்காலம். குவீன் வீதியில், தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காருக்காக, கன்வஸ் சப்பாத்தோடு நின்றுகொண்டிருக்கிறார். கால் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அப்போது கரும்பச்சை நிறத்தில், நீண்ட மூக்கோடு, எட்டு சிலிண்டர் கார் ஒன்று இவரைத் தாண்டிப் போனது. அந்தச் சத்தம் காதுக்கு வரமுன்னம் நெஞ்சுக்கு வந்தது என்று சொல்வார். இதை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரே ஒரு தரம், ஏன் அது அவ்வளவு பிடித்தது என்று கேட்டேன்.

"நாங்கள் சத்தம் போடாமல் இருக்கப் பழகின ஆக்களப்பா. கறி மணம் வெளியில போகப்படாது, நடக்கிற சத்தம் கீழ் வீட்டுக்குக் கேக்கப்படாது, பஸ்ஸுக்குள்ள தமிழ் உரத்துக் கதைக்கப்படாது. அந்தக் கார் ஒருத்தரையும் கேக்காமல் சத்தம் போட்டுக்கொண்டு போச்சுது" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் காரைப் பற்றிக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்தேன். முற்றாக விடவில்லை. விட்டிருந்தால் இவருக்குப் பொழுது போயிருக்காது.

பிள்ளைகள் வளர்ந்து, நாங்கள் நகருக்குக் கிழக்கே பிக்கரிங்கில் இரட்டைக் கராஜ் வைத்த வீட்டுக்கு வந்த பிறகுதான் இவர் அதைத் தேடிப் பிடித்தார். அதே வகைக் கார், இவர் பிறந்த அதே வருடத்தில் செய்தது. என்ன கார் என்று பெயர் சொல்லமாட்டேன். சொன்னால், அதைவிட இது திறம் என்று கார்ப் பைத்தியங்கள் சண்டைக்கு வருவார்கள். வடக்கே ஏதோ ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டிலில் கிடந்ததாம். பாரவண்டியில் இருந்து இறக்கியபோது பார்த்தேன். தளம் முழுக்கத் துரு தின்று உக்கி, இருக்கைக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. "செத்ததை ஏன் வீட்டுக்குக் கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன். இவர் அதன் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

பிறகு என் சமையலறை என்னுடையதாக இல்லை. இடியப்பத் தட்டுகளில் நட்டுகள் காய்ந்தன. எஞ்சினுக்கு மேலே பூட்டும் சின்ன மூடிக்குப் பெயின்ற் அடித்து, அது இறுகவேண்டும் என்று, நான் கோழி சுடும் மின்னடுப்புக்குள் வைத்துச் சுட்டார். ஒரு கிழமைக்கு நாங்கள் தின்ற கோழியெல்லாம் பெயின்ற் மணத்தது. ஏதோ ஒரு கரிபிடித்த பாகத்தைப் பாத்திரம் கழுவும் மெசினுக்குள் கண்டுபிடித்த நாளில், இவரா நானா வீட்டில் இருப்பது என்று கேட்டேன். இவர் அந்தப் பாகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "என்ன மாதிரிப் பளிச்செண்டு வந்திருக்கு பாரும்" என்றார்.

உள்ளபடி இருந்ததை உள்ளபடி திருத்தியிருந்தால் கார் எப்போதோ வீதிக்கு வந்திருக்கும். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. பழைய பிரேக் நம்பமுடியாது என்று நாலு சக்கரத்துக்கும் புது டிஸ்க் பிரேக் போட்டார். பிரேக் வந்ததும் ஸ்ரியரிங் பழசாகத் தெரிந்தது. அதுவும் மாறியது. பிறகு, பழைய கார்பரேற்றரைக் கழற்றிவிட்டு, பெற்றோலைக் கணக்காகப் பாய்ச்சும் புதுக்கருவி பூட்டவேண்டும் என்றார். காரின் உடம்பு அந்தக் காலம், உள்ளுக்குள் எல்லாம் இந்தக் காலம். ஒவ்வொரு தரமும் முடிந்தது என்று நான் நினைக்கும்போது அந்தச் சின்ன வேலை ஒன்று வந்து நிற்கும். முடித்துவிட்டால் பிறகு என்ன செய்வது என்ற பயமோ என்று நான் யோசித்ததுண்டு.

அந்த நேரத்தில்தான் கண் வைத்தியர் அந்தச் செய்தியைச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இரண்டு பக்கப் பார்வையும் ஒடுங்கிக்கொண்டு வருகிறது. நேரே பார்த்தால் தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் லைசென்ஸ் காரியாலயத்துக்கு அறிவிக்கவேண்டி வரும். அடுத்த சோதனை மார்கழியில். திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். இவர் வழியெல்லாம் கதவுக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் வைத்து, "பிள்ளையளுக்குச் சொல்லவேண்டாம். உந்தக் காரை ஒருக்கா பார்க்டேலுக்கு ஓடிப்போட்டு வந்தால் எனக்குக் காணும்" என்றார். தான் அன்று கன்வஸ் சப்பாத்தோடு நின்ற அந்தத் தரிப்பிடத்தைத் தாண்டி, தன் கையால் ஓட்டிப் போகவேண்டும். இவ்வளவு வருடத்தில் இந்த மனிதர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அதன் பிறகு நானும் பொறுமை இழந்தேன். வேலை முடிந்து வந்ததும் கராஜுக்குப் போய் விளக்குப் பிடித்தேன். ஐப்பசி நடுவில் கார் முதல் தரம் உறுமியது. அடுக்களையில் கோப்பைகள் அதிர்ந்தன. அன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கோ என்றேன். இவர் கேட்கவில்லை. பூசை செய்யாமல் வாகனத்தை வீதியில் இறக்கக்கூடாதாம். கோயிலுக்கு வருசத்துக்கு இரண்டு தரம் போகிற மனிதர். ஆனால் வாகனம் என்று வந்தால் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒன்றுதான். வங்கியில் மனேஜராக இருக்கிறவரும் புதுக்காருக்குச் சந்தனம் வைத்து, நாலு ரயருக்குக் கீழும் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் நெடுஞ்சாலையில் ஏறுவார். இது பூசை செய்யாத கார், கோயிலுக்கு ஓட்டிப் போகவும் இவருக்கு மனமில்லை. அதனால் நாள் பார்த்து, ஐயரை வீட்டுக்கே கூப்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் நிறைகுடம், காருக்கு மாலை, ரயருக்குக் கீழே தேசிக்காய். சாம்பிராணிப் புகை கராஜை நிறைத்திருந்தது. எஞ்சினுக்கு மேலே இருக்கும் பொனற்றை மூடித்தான் பூசை செய்வது வழக்கம். இவர் அதைத் திறந்து வைத்தார். "ஐயா, எஞ்சினுக்குக் காட்டுங்கோ. தகரத்துக்கு என்ன பூசை" என்றார். ஐயரும் சிரித்துக்கொண்டு, அப்படியென்றால் எஞ்சினை ஸ்ராட் பண்ணுங்கோ என்றார். இவர் உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினார். ஐயர் கர்ப்பூரத்தைக் கொளுத்தித் தட்டோடு எஞ்சினுக்கு மேலே சுற்றினார். இரண்டாவது சுற்றில் பக்கென்று ஒரு சத்தம். பொனற்றுக்குள்ளே நெருப்பு எழுந்து மாலையைப் பிடித்தது.

அன்று விடியத்தான், ஐயர் வரமுன்னம், இவர் பெற்றோல் குழாயை இறுக்கும் வளையத்தைக் கழற்றி மினுங்கும் வளையம் ஒன்று போட்டிருக்கிறார். பழையது பார்க்க வடிவில்லையாம். ஐயர் வந்துவிடுவார் என்ற அவசரத்தில் அதைச் சரியாக முறுக்கவில்லை. சொட்டிய பெற்றோல் மணத்தைச் சாம்பிராணி மூடிவிட்டது. கராஜுக்குள் நின்ற எங்களில் ஒருவருக்காவது, பெற்றோலுக்குப் பக்கத்தில் நெருப்பு என்று தோன்றவில்லை. கர்ப்பூரத்தை நாங்கள் யாரும் நெருப்பு என்று நினைப்பதில்லை.

சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று தொங்கியது. நான்தான் தொங்கவிட்டிருந்தேன். பஸ்ஸில் தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் புறப்படுவது. அதை இழுத்து, ஊசியைக் கழற்றி, பொனற்றுக்குள் அடித்தேன். நெருப்பு அடங்கியது. புகை கலைந்தபோது ஐயர் சிலிண்டர்த் தூள் படிந்து தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றார். கையில் தட்டு அப்படியே இருந்தது. "எனக்கு ஒண்டும் இல்லை அம்மா. இவ்வளவு விபூதி நான் ஒருநாளும் பூசினதில்லை" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் சிரிக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். வயரெல்லாம் உருகிக் கிடந்தது. கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. இந்த மனிதர் அசையாமல் இருந்ததை அன்றுதான் முதலில் கண்டேன். நெருப்பை விட அது என்னைப் பயப்படுத்தியது.

மார்கழிச் சோதனையில் வைத்தியர் சொன்னபடியே நடந்தது. லைசென்ஸ் போனது. அதற்குப் பிறகு இவர் கராஜ் கதவைத் திறக்கவேயில்லை. கதிரையில் இருந்து பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் ஒரு இடத்தில் இருங்கோ என்று கத்துகிறவள், இப்போது எழும்புங்கோ என்று கெஞ்சினேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "நீங்கள் செய்து முடியுங்கோ. நான் ஓடுறன்" என்றேன்.

"நீர் பஸ் ஓடுற ஆள். உது குதிரை" என்றார்.

"பஸ்ஸுக்குள்ள அம்பது பிள்ளையள் இருக்கும். உங்கட குதிரைக்குள்ள ஒரு குரங்குதானே இருக்கப்போகுது" என்றேன்.

இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த நாள் கராஜில் விளக்கு எரிந்தது. வயர்களைக் கண்ணுக்கு நேரே பிடித்து, விரலால் தடவித் தடவிப் பூட்டினார். குழாய் வளையத்தை மட்டும் என்னைக்கொண்டும் முறுக்கிப் பார்க்க வைத்தார். மினுங்காத பழைய வளையம்தான்.

வசந்தத்தில் தேசிக்காயை நசித்துக்கொண்டு காரை வெளியே எடுத்தேன். கர்ப்பூரம் இல்லை. பிக்கரிங்கில் இருந்து கிங்ஸ்ரன் வீதியைப் பிடித்தால் ஸ்காபரோவைக் கடந்து, அதுவே குவீன் வீதியில் கொண்டுபோய் விடும். நகர நடுவில் சுரங்கப்பாதை வேலைக்காக வீதியை மூடியிருந்தார்கள், சுற்றிப் போனோம். ஒவ்வொரு சந்தியிலும் இவர் கால் கீழே போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பார்க்டேலில் அந்தத் தரிப்பிடம் வந்ததும், "நிப்பாட்டும்" என்றார். கதவைத் திறந்து இறங்கினார். எங்கே போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. குனிந்து என்னைப் பார்த்து, "ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வாரும். எனக்குப் பக்கத்தால போகேக்க அக்சிலரேற்றரைக் கொஞ்சம் அமத்தும்" என்றார்.

சுற்றிக்கொண்டு வந்தேன். தூரத்திலேயே தெரிந்தார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பஸ்ஸில் ஒருநாளும் அமத்தாத அமத்து அமத்தினேன். கார் கத்திய கத்தலில் தரிப்பிடத்தில் நின்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். இவர் ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தார். அடுத்த வீதியில் காரை ஓரமாக விட்டு நான் அழுதேன். திரும்பிப் போய் ஏற்றியபோது, "நல்லாய்க் கேட்டுது" என்று மட்டும் சொன்னார். அடுத்த விளக்கில் மறுபடி கால் கீழே போனது.

போன மாசியில் இவர் நெஞ்சுவலியால் போனார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூட இருக்கவில்லை, அதுவும் இவர் சுபாவம்தான். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றுக்கு உலை வைத்துவிட்டு மறந்துபோய் வாசலில் நிற்கிறேன். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் ஓட்ட பஸ்ஸும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு போவேன், எங்கே என்று இல்லாமல். வந்து நிறுத்திவிட்டுக் கராஜிலேயே நிற்பேன், ஏதாவது ஒரு சின்ன வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. இவரிடம் இருந்தது என்னிடம் தொற்றிவிட்டது.

நேற்று மகள் வந்தாள். "அம்மா, நான் ட்ரை பண்ணட்டே?" என்று திறப்பைக் கேட்டாள். கொடுத்தேன். நான் அந்தக் காரில் பக்கத்து இருக்கையில் இருந்தது அதுதான் முதல் தரம். பிள்ளை நன்றாகத்தான் ஓட்டினாள், கொஞ்சம் வேகம். முன்னால் ஒரு லொறி திடீரென்று மெதுவாகியது. என் வலது கால் கீழே போய், அழுத்தி நின்றது. செருப்புக்குக் கீழே நூல் தட்டுப்பட்டது.

"அம்மா, உந்தப் பக்கம் பிரேக் ஒண்டும் இல்லை" என்றாள் மகள்.

"ஓம்" என்றேன். காலை எடுக்கவில்லை.