களிமண் உருண்டைகளைக் கழுவியவர்

என் தப்புக்கு ஒரு பெண்ணின் மேல் பழி போட்டேன்.

பாபநாசத்தில் எங்கள் மாடி அறையில் மகன் மண்ணில்லாமல் கீரை வளர்த்தான். தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகப் போட்ட சுட்ட களிமண் உருண்டைகளுக்குள் மோட்டார் தண்ணீர் ஏற்றும். வேர் மூச்சுவிட அது வடிய வேண்டும். வயலில் நீர் நிறுத்தியே பழகிய நான், மனசு கேட்காமல் வடிகுழாயை அடைத்தேன். வேர்கள் அழுகின. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் உருண்டைகளைக் கழுவ வரும் பெண் சரியாகக் கழுவவில்லை என்று மகனிடம் சொன்னேன். வெடித்த விரல்களால் ஒவ்வொரு பிடியையும் முகர்ந்து பார்த்தே தொட்டியில் போடுவார் அவர். மகன் அவரை நிறுத்தினான். அதைக் கேள்விப்பட்டு, தெருவில் அவர் பாத்திரம் கழுவி வந்த மற்ற வீடுகளும் அவரைக் கூப்பிடவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? அந்த வீடுகள்ல சொல்லுங்க."

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"அய்யாவுக்கு இளகின மனசு. அவளுக்காகப் பழிய தன் மேல போட்டுக்கிறாரு" என்று காப்பி கொடுத்தார்கள். அவரை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.