ஒன்பது கடையில் ஒன்பதாவது

பழைய கார் விற்கும் கடைகள் அந்தச் சாலையில் மொத்தம் ஒன்பது. சாலையை அகலப்படுத்தப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்தபோது ஒன்பது பேரும் ஒன்றாகத்தான் கவலைப்பட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் புது வளாகத்தில் எட்டு இடம்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தனித்தனியாகக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஒருவர். மூத்தவர்களுக்கு முதலில் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். அவருக்கு எழுபத்திரண்டு வயது. கடைசியில் சங்கத் தலைவர் ஒரு வழி சொன்னார். டயர் கடை வைத்திருப்பவர், நியாயமான மனிதர். கருத்துக் கேட்கும் கம்பெனி ஒன்றை வைத்து, ஒவ்வொரு கடையிலும் வண்டி வாங்கியவர்களைப் போனில் விசாரிப்பது. வாடிக்கையாளர் திருப்தியில் எந்தக் கடை கடைசியோ, அதற்கு வளாகத்தில் இடம் இல்லை.

முதலில் கை தூக்கியது சாக்பீஸ் அக்காதான்.

"எங்க கடையில வாங்கினவங்கள எப்ப வேணா கேளுங்க. மடியில கனமில்ல."

ஆறு மாதம் விசாரித்தார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவைச் சங்கக் கதவில் ஒட்டினார்கள். அக்காவின் மருமகன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போகும்போது நடந்து போனவர், வரும்போது ஓடி வந்தார்.

"அத்தை, நாம கடைசி."

அக்கா ஒரு வண்டியின் டயரில் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு முதல்ல?"

"கண்ணாடி ஷோரூம்."

"எட்டாவது?"

"எழுபத்திரண்டு வயசுக்காரர். அது எதுக்கு அத்தை இப்ப?"

"அந்த மனுஷன் நமக்கு நன்றி சொல்லணும் மாப்பிள்ளை. நாம மட்டும் இல்லேன்னா அவருதான கடைசி."

மத்தியானத்துக்குள், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கும் அந்த ஷோரூம்காரர் மாடியிலிருந்து தரைவரை ஒரு பேனர் தொங்கவிட்டார்: வாடிக்கையாளர் திருப்தியில் முதலிடம். அக்கா அதை நின்று நிதானமாகப் படித்தார். பிறகு கொட்டகைக்குள் போய்ப் பழைய கரும்பலகை ஒன்றைத் துடைத்து எடுத்துவந்து, பெரிய எழுத்தில் எழுதி வாசல் கம்பியில் மாட்டினார்: வாடிக்கையாளர் திருப்தியில் ஒன்பதாவது இடம். மொத்தக் கடை ஒன்பது.

மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதைப் போய் யாராவது வாசல்ல மாட்டுவாங்களா அத்தை?"

"வண்டியில குறை இருந்தா வண்டி மேல எழுதறோம். கடையில குறைன்னா கடை மேல எழுத வேணாமா?"

இப்படிப் பேசுகிறவரின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட வேண்டும். அக்கா அந்தச் சாலைக்கு வந்தது பத்தொன்பது வயதில், ஒரு வாளியும் இரண்டு துணியுமாக. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் பாதிதான். வண்டி கழுவும் வேலை. கழுவுகிறவர் கைக்குச் சிக்காத ரகசியம் எந்த வண்டியிலும் கிடையாது. பெயின்ட்டுக்கு அடியில் எங்கே பட்டி தடித்திருக்கிறது, எந்தக் கதவு ஒரு தடவை கழன்று மறுபடி மாட்டப்பட்டது, எந்த வண்டி வெள்ளத்தில் நின்றது, எல்லாம் துணி சொல்லிவிடும். பெரிய பெரிய இன்ஜினியர்கள் கருவி வைத்துக் கண்டுபிடிப்பதை அக்கா ஈரத்துணியால் கண்டுபிடித்தார். பன்னிரண்டு வருஷம் கழுவினார். பதின்மூன்றாம் வருஷம் ஓடாத வண்டி ஒன்றை வாங்கி, ஓட வைத்து, விற்றார். இன்றைக்குப் பதினாலு வண்டி நிற்கிறது. சமையலறைச் சுவரில் பதினாலு ஆணி, பதினாலு சாவி. வாளியோடு இந்தச் சாலைக்குள் நுழைந்து சொந்தப் பலகை மாட்டியவர் வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

குறையை எழுதும் பழக்கம் வந்ததற்கு அரிச்சந்திரன் காரணமில்லை. ஒரு கணக்கு வாத்தியார்தான் காரணம்.

அக்கா விற்ற மூன்றாவது வண்டியை வாங்கியவர் அவர். வண்டியில் ஏழு குறை. ஏழையும் வாயால் சொல்லித்தான் அக்கா விற்றார். இரண்டு மாதம் கழித்து நடுரோட்டில் பிரேக் ஆயில் கசிந்து வண்டி நின்றது. மறுநாள் வாத்தியார் ஒரு நாற்காலியோடு வந்தார். வாசலில் போட்டு உட்கார்ந்து, பேப்பரை விரித்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "பிரேக் பத்தி மட்டும் இந்தம்மா சொல்ல மாட்டாங்க, நீங்களே கேட்டுக்கங்க," என்றார். மூன்று நாள் இப்படியே.

"நான் சொன்னேன் சார்."

"சொல்லல."

"ஏழையும் சொன்னேன்."

"ஆறுதான் சொன்னீங்க. எனக்குக் கணக்குத் தெரியும்."

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொன்னோமா? இல்லை, விற்கிற அவசரத்தில் ஒன்றை விழுங்கிவிட்டோமா? இன்றுவரை அவருக்குத் தெரியாது. பிரேக்கைத் தன் செலவில் சரிசெய்து கொடுத்து வாத்தியாரை நாற்காலியோடு அனுப்பிவைத்தார். அடுத்த நாள் காலை ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கினார்.

அன்றிலிருந்து ஒரே முறைதான். வண்டியின் குறை முழுவதும் முன்கண்ணாடியில் எழுதியிருக்கும். மழை பெய்து அழிந்தால் மழை விட்டதும் மறுபடி எழுத்து. வாங்குகிறவர் கண்ணாடி முன்னால் நின்று அத்தனையையும் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தால்தான் சாவி. "காசு குடுத்து வாங்கறவன நிக்க வெச்சுப் பாடம் படிக்கச் சொல்றீங்களே," என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. போனவர்களும் உண்டு. அக்கா யாரையும் கையைப் பிடித்து இழுத்ததில்லை.

கரும்பலகைக்கு வருவோம். சாலையில் போகிறவர்கள் நின்று படித்தார்கள், சிரித்தார்கள், எதனால் கடைசி என்று கேட்க உள்ளே வந்தார்கள். அந்த வாரத்தில் கேட்க வந்த இரண்டு பேர் வாசித்து முடித்து வண்டியோடு போனார்கள். வெள்ளிக்கிழமை சங்கத்திலிருந்து ஆள் வந்தது.

சங்கம் என்பது டயர் கடை மாடிதான். ரப்பர் வாசனைக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள். கருத்துக் கேட்ட கம்பெனியிலிருந்து ஒரு இளம்பெண் மடிக்கணினியோடு வந்திருந்தாள்.

"அக்கா, அந்தப் பலகைய எடுத்துடுங்க," என்றார் தலைவர்.

"பொய்யா எழுதியிருக்கேன் தலைவரே?"

"பொய் இல்ல. அதான் தொந்தரவு. மத்த எட்டுப் பேரும் எதுல ஒசத்தின்னு ஜனங்க கேக்கறாங்க."

அக்கா இளம்பெண் பக்கம் திரும்பினார். "எதை வெச்சும்மா எங்களக் கடைசியில போட்டே?"

"நாலு கேள்வி கேட்டோம்மா. மரியாதையாப் பேசினாங்களா, இடம் சுத்தமா இருந்துச்சா, வண்டியில குறை இருக்கா, அடுத்த வண்டியும் அங்கயே வாங்குவீங்களா. குறைக்குத்தான் பாதி மார்க்கு."

"எங்காளுங்க என்ன சொன்னாங்க?"

அவள் திரையைத் தள்ளிப் பார்த்தாள். "நாப்பது பேர்ல முப்பத்தாறு பேர் குறை இருக்குன்னாங்க. சும்மா இல்லம்மா, வரிசையாச் சொன்னாங்க. நான் ஒண்ணை டைப் அடிக்கறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிட்டாங்க. இடது பின்கதவு உள்ளருந்து திறக்காது, ஏசி மத்தியானத்துல மூச்சு வாங்கும், பானெட் வேற வண்டியோடதுன்னு ஒருத்தர் பதினொண்ணு ஒப்பிச்சாரு."

அக்காவின் முகம் திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக மலர்ந்தது. "மீதி நாலு பேரு?"

"குறையே இல்லேன்னாங்க."

"அவங்க நம்பரக் குடும்மா. மறந்துட்டாங்க போலிருக்கு. போன் பண்ணி ஞாபகப்படுத்தணும்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். கண்ணாடி ஷோரூம்காரர் சிரிக்கவில்லை.

"அவரு கடையில எத்தனை பேர் குறை சொன்னாங்க?"

"ரெண்டு பேர்."

"வாங்கி எத்தனை நாள்ல கேட்டே?"

"யாரு வாங்கினாலும் ஒரு வாரத்துக்குள்ள."

"ஒரு வாரத்துல எல்லா மாப்பிள்ளையும் தங்கம்தான்மா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன் மின்விசிறியைப் பார்த்தார்.

இளம்பெண் வாய்க்குள் ஏதோ கூட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சார், நாலாவது கேள்விக்கு இவங்க கடைக்குத்தான் அதிகம். திரும்பவும் அங்கதான் வாங்குவோம்னு முப்பத்தெட்டுப் பேர் சொல்லியிருக்காங்க. குறை தெரிஞ்சவங்க சொல்றாங்க. தெரியாதவங்க இல்லேங்கறாங்க. நாங்க கேட்ட முறையே தப்புன்னு நினைக்கிறேன்."

கண்ணாடி ஷோரூம்காரர் எழுந்துவிட்டார். "அப்ப என் வண்டியில குறையை மறைக்கிறேன்னு அர்த்தமா? கீழதான நிக்குது. அக்காவே வந்து தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். மருமகன் பாதி எழுந்தேவிட்டார். அந்த ஈரத்துணி இரண்டு நிமிஷம் ஓடினால் போதும், பேனர் கிழிந்துவிடும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"உங்க சரக்கு மேல நான் கை வைக்க மாட்டேன் தம்பி. என் வண்டியோட குறையை நான் சொல்றேன். உங்க வண்டியோடத நீங்க சொல்லணும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு விஷயம். நம்ம எழுபத்திரண்டு வயசுக்காரர் கடையை மூடறாரு. பசங்க தங்களோட வந்து இருக்கச் சொல்றாங்களாம். அதனால எட்டாவது இடம் காலி. அது உங்களுக்குத்தான் அக்கா, யாரும் மறுக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு. வளாகத்துல கடையெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. உங்க கண்ணாடியில எழுதியிருந்தா, பக்கத்துக் கடைக்கு வர்றவன் இதுல ஏன் எழுதலன்னு கேப்பான். அதனால வாயால சொல்லிக்கங்க. எவ்வளவு குறை வேணா சொல்லுங்க. எழுத மட்டும் வேணாம்."

மருமகன் அக்காவின் பக்கம் சாய்ந்தார். "சரின்னு சொல்லுங்க அத்தை. கூரை இருக்கு, கேமரா இருக்கு, பஸ் வந்து வாசல்லயே நிக்குது. இத விட்டா எடைமேடைப் பொட்டல்தான். ஈ காக்கா வராது. வாயால சொல்றதும் சொல்றதுதான?"

அவர் சொன்னதில் தப்பில்லை. லாரி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல் நிலம் வாடகைக்கு இருந்தது. கூரை கிடையாது. கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து அரை மைல் நடக்க வேண்டும். அக்காவுக்கு அறுபத்தொரு வயது. இந்த வயதில் பொட்டலிலிருந்து ஆரம்பிப்பது விளையாட்டில்லை.

அக்கா தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் டயர் மை.

"எனக்கும் ஒரு நாக்குத்தான் இருக்கு தலைவரே. அதுவும் எல்லார் நாக்கு மாதிரிதான் புரளும். மாசக் கடைசி, வாடகை நிக்குது, ஒருத்தன் கையில பணத்தோட நிக்கறான்னு வைங்க. ஏழுல ஒண்ணு தொண்டையிலயே நின்னுடும். அப்புறம் நானே சொன்னேன்னுதான் நெனச்சுப்பேன். எழுதறது வாங்கறவனுக்காக மட்டும் இல்ல. எனக்காகவும்தான்."

"அப்ப இடம் வேணாமா?"

"இடம் வேணும். இந்த நிபந்தனையோட வேணாம். அதைத் தூக்கிட்டுக் குடுக்க மனசிருந்தா குடுங்க."

தலைவர் மற்ற ஏழு பேரையும் பார்த்தார். ஒருவர் செல்போனைப் பார்த்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி ஷோரூம்காரர் மட்டும் முடியாது என்று தலையை ஆட்டினார். இளம்பெண் மடிக்கணினியை மூடினாள்.

"பலகைய எடுத்துடறேன்," என்று அக்கா எழுந்தார். "நாளைக்கே கடைய எடுக்கறப்போ அதுவும் வந்துடும்."

அன்று சாயங்காலம் மருமகன் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றி மூலைக்கு வீசினார். "அவர் மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?" என்று மகள் கேட்டாள். "உன் புருஷனுக்கு வளாகத்துல கூரை போச்சு," என்றார் அக்கா. மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "நீ திருந்தவே மாட்டேம்மா." அதில் கோபம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அக்கா பிரித்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை, விற்றது போக நின்ற பன்னிரண்டு வண்டியில் பதினொன்றுக்கு அக்கா டிரைவர் பிடித்தார். ஓட்டுவதற்குத் தோதாக முன்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த குறையையெல்லாம் பின்கண்ணாடியில் எழுதினார், ஒன்றுவிடாமல், வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில். மருமகன் கொஞ்ச நேரம் கைகட்டிக்கொண்டு நின்றார். பிறகு டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஏழாவது வண்டிக்குப் போனார்.

"இதுல வைப்பர் ரெண்டுல ஒண்ணுதான் ஆடுது. எழுதவா அத்தை?"

"கேக்கணுமா மாப்பிள்ளை?"

எடைமேடைப் பொட்டலுக்குப் போகப் பின்பக்கமாகவே ஒரு குறுக்குச் சந்து உண்டு. அந்த வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். அக்கா சாலையின் மேற்கு முனைக்கு வண்டிகளைக் கொண்டுபோய்த் திருப்பி வரிசையாக நிறுத்தினார். அங்கிருந்து கிழக்கு முனைவரை எட்டுக் கடை. முதல் வண்டியில் அவரே உட்கார்ந்தார். அதில் கிளட்ச் கெட்டி, மூன்றாவது கியர் முனகும், பெட்ரோல் முள் பொய் சொல்லும், டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் குத்தும். ஹாரன் மட்டும் அருமையான ஹாரன். அதைக் கண்ணாடி ஷோரூமுக்கு முன்னால் அழுத்தியவர் கிழக்கு முனை தாண்டும்வரை கையை எடுக்கவே இல்லை.