விமானத்தின் மூக்கில் வைத்த சந்தனம்

பெட்டிகளில் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக் கட்டிய இலகு விமானத்தைச் சாலை வழியாகக் கடலோரத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2004 ஜனவரியில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனதை எழுதுகிறேன். செங்கல்பட்டில் என் வீட்டுக் கார் ஷெட்டில் மூன்று வருடமாகக் கட்டிய விமானம் அது. ஒவ்வொரு நட்டையும் மூன்று முறை சரிபார்த்தும் எனக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை.

ஓட்ட வந்தவன் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பன் தாமஸ். "கட்னவன் பக்கத்துல உக்காரணும். இல்லன்னா நானும் ஏற மாட்டேன்" என்பது அவன் நிபந்தனை. தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

இறக்கைகளைக் கழற்றி, பழைய மெத்தைகளில் கிடத்தி, காலை ஐந்து மணிக்கு மினி லாரியில் புறப்பட்டோம். வாடகை எண்ணூறு ரூபாய். திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். டிரைவர் ஏழுமலை இருபதுக்கு மேல் வேகம் போகவேயில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம், "புள்ளத்தாச்சிய இட்டுகினு போற மாதிரி கீது சார்" என்பார். திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது எலுமிச்சம்பழமும் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டார்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டித் தனியாருக்குச் சொந்தமான மண் ஓடுபாதை. அனுமதி முன்பே வாங்கியிருந்தோம். தெற்கே அணுமின் நிலையத்தின் பக்கம் திரும்பக்கூடாது. இறக்கைகளை மாட்டிச் சுற்றிச் சுற்றிச் சோதித்தேன். நான் ஹெல்மெட் எடுக்கப் போன இடைவெளியில் ஏழுமலை பூஜை போட்டு முடித்துவிட்டார்.

சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்கள் நசுங்க, விமானம் நகர்ந்தது. வேகமானி என் பக்கம் இருந்ததால் அதைப் படித்துச் சொல்வது என் வேலை. விமானம் வேகம் பிடித்துவிட்டது; முள் அசையவில்லை. வேகமானியின் குழாயை மாற்றிப் பொருத்திவிட்டேனா? என் கண்தான் சரியில்லையா? சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பானோ?

"நிறுத்துப்பா!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தாமஸ் ஏன் என்று கேட்கவில்லை. உடனே என்ஜினை அடக்கினான்.

இறங்கிப் பார்த்தோம். விமானத்தின் மூக்கில், காற்று புகுந்து வேகத்தைக் காட்டும் சிறு குழாயின் வாயைக் கச்சிதமாக அடைத்துக்கொண்டு ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"மூக்கு நுனி சார்... அங்கதான் ஷோக்கா இருந்துச்சி" என்றார் ஏழுமலை, முகம் வெளுத்து.

"ஏம்பா, உசுர வுடப் போற எங்க நெத்திய வுட்டுட்டு அதுக்குப் போயா வெச்ச?" என்றான் தாமஸ்.

குழாயைக் கழற்றி, சுத்தம் செய்து மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது ஓட்டத்தில் முள் எழுந்தது. நாற்பது, ஐம்பது, அறுபது என்று படித்தேன். சக்கரங்களின் சத்தம் சட்டென்று நின்றது. கீழே சவுக்கு, மணல், படகுகள். தூரத்தில் கடற்கரைக் கோயில். பன்னிரண்டு நிமிடம் பறந்தோம். பயம் கடைசிவரை போகவில்லை. என் ஒரு வார்த்தையை நம்பி நிறுத்தியவன் பக்கத்தில் இருந்ததால் அதைத் தாங்க முடிந்தது.

தரையிறங்கியதும் ஏழுமலை சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "இப்ப எங்க சார் வெக்கறது?" தாமஸ் என் நெற்றியைக் காட்டினான்.

போகிறவர்களுக்கு: இறக்கையைக் கயிற்றால் இறுக்காதீர்கள். கடற்காற்று வலுக்குமுன் பறந்துவிடுங்கள். பூஜை வேண்டாம் என்று யாரையும் தடுக்காதீர்கள். கடைசிச் சோதனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை சக்கரத்துக்கு, சந்தனம் உங்கள் நெற்றிக்கு.