பளபளப்புத் திரை மேல் போட்ட பழி

என் மூத்த மகன் வேலைக்கு உட்காரும்போது கறுப்புச் சட்டைதான் போடுவான். வெயில் கொளுத்தினாலும் கறுப்புதான். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டம்மா என்னிடம் வந்து, "உங்க பையன் வக்கீலுங்களா? எங்க சுவர்த் தகராறு ஒண்ணு கோர்ட்டுல கெடக்கு" என்று கேட்டேவிட்டாள்.

"வக்கீலுமில்ல ஒண்ணுமில்ல. அவன் கம்ப்யூட்டர் ஸ்கிரீன் கண்ணாடி மாதிரி. வெள்ளச் சட்ட போட்டா அதுல இவன் நெஞ்சுதான் தெரியும், கல்யாணப் பொண்ணு தெரிய மாட்டா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும்.

அவன் போட்டோவுக்கு டச்சிங் செய்கிறவன். ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணப் படங்களை அனுப்பிவைப்பார்கள். முகத்தில் வழியும் எண்ணெயைத் துடைப்பது, கலைந்த முடியை ஒதுக்குவது, பின்னால் நின்று கொட்டாவி விடுகிறவரை அப்புறப்படுத்துவது எல்லாம் இவன் வேலை. சின்ன வயதில் ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவப் போனான். பிறகு பிலிம் மேலேயே பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டான். கம்ப்யூட்டர் வந்ததும் பென்சிலை வைத்துவிட்டு மௌஸைப் பிடித்தான். பரு என்றால் எடுத்துவிடுவான், மச்சத்தைத் தொட மாட்டான். ஒரு பெண்ணின் அம்மா போன் செய்து, மூக்கின் மேல் இருக்கும் மச்சத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று மல்லுக்கு நின்றாள். "நீங்க நேர்ல எடுத்துட்டு வாங்கம்மா, நான் படத்துல எடுத்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்தப் பிடிவாதம் என் பக்கத்திலிருந்து வந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

அந்த ஸ்கிரீனை அவன் சிநேகிதன் கடையில் வாங்கினான். சிநேகிதனை எல்லோரும் பூசணி என்றுதான் கூப்பிடுவார்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். போட்டோ பேப்பரில் கிளாஸி, மேட் என்று இரண்டு இருப்பதுபோல் ஸ்கிரீனிலும் இரண்டு உண்டு. கிளாஸி பளபளவென்று கண்ணாடியாக இருக்கும். மேட் மங்கலாக, எதுவும் பிரதிபலிக்காமல் இருக்கும். இவன் கிளாஸியைக் கொண்டுவந்தான். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தினமும் நடந்தது.

மருமகள் மேட் கட்சி. அவளும் அதே கம்ப்யூட்டரில்தான் டைப்பிங் வேலை செய்வாள். "அத்தை, நான் டைப் அடிச்சா எழுத்துக்கு நடுவுல என் மூஞ்சி தெரியுது."

"நல்லதுதானே. தல வாரினியா இல்லையான்னு பாத்துக்கலாம்."

"மூஞ்சி மட்டுமா? ஜன்னல் தெரியுது, கொடியில காயற துணி தெரியுது. நீங்க பின்னாடி நின்னு கண்ணத் துடைக்கறது, மூக்கச் சிந்தறது எல்லாம் தெரியுது. தலவலி வருது."

மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான்: "மேட்ல கறுப்பு கறுப்பா இருக்காதும்மா, சாம்பலாப் போயிடும். மேல உப்புத்தூள் தூவின மாதிரி ஒரு சொரசொரப்பு. இதுல ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது."

நான் கிளாஸி கட்சி. காரணம் இருக்கிறது. அவன் அப்பாவின் பழைய படம் ஒன்று செல்லரித்துக் கிடந்தது. அதைச் சரிசெய்து அந்த ஸ்கிரீனில் எனக்குக் காட்டினான். அவர் போட்டிருந்த கோட்டு அப்படியே இருட்டு மாதிரிக் கறுப்பு. அந்தக் கறுப்பில் என் முகமும் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டதே இல்லை. மங்கல் ஸ்கிரீனில் அது நடக்குமா?

அதற்காகக் குறையைச் சொல்லாமல் விடமாட்டேன். கிளாஸியில் பார்ப்பது ஒன்று, பேப்பரில் வருவது ஒன்று. "கம்ப்யூட்டர்ல ரோசாப்பூ மாதிரி இருந்தாளே, கையில குடுத்தா வாடிப்போயிருக்காளே" என்று சண்டைக்கு வருவார்கள். விரலால் தொட்டுக் காட்டினால் ரேகை அப்படியே நிற்கும். இவன் எரிந்து விழுவான். தூசி உட்கார்ந்தால் ஊருக்கே தெரியும். அதற்காகத்தான் பருத்தித் துணி, கறுப்புச் சட்டை, ஜன்னலுக்குத் திரைச்சீலை என்று அந்த அறையே ஒரு விரத அறைபோல் ஆகிவிட்டது.

ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு, ஸ்கிரீனில் ஏதோ வெளிச்சம் விழுகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். பார்க்கிற இடத்திலெல்லாம் புகைபோல ஒரு திட்டு. திரைச்சீலையை இரட்டையாகப் போட்டான். டியூப் லைட்டைக் கழற்றினான். முதுகுக்குப் பின்னால் இருந்த சுவருக்குக் கரும்பச்சைப் பெயிண்ட் அடித்தான். மேசையை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்து இழுத்துத் தரையெல்லாம் கீறல். திட்டு போகவில்லை.

"யாரு கதவத் தொறந்தது?" என்று உள்ளேயிருந்து கத்துவான். கதவு சாத்தித்தான் இருக்கும்.

"நல்லாப் பாருங்க, நெஜமாவே கண்ணாடியில விழற வெளிச்சந்தானா?" என்று மருமகள் கேட்டாள்.

"தலைய அசைச்சா அதுவும் அசையுதுடி. கண்ணாடியில விழற பிம்பம் அப்படித்தானே அசையும்? எனக்குத் தெரியாதா?"

வாழ்நாள் முழுக்கப் பிம்பத்தோடு மல்லாடியவன் சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

பிறகு ஒரு கல்யாண ஆல்பம் போனது. மாப்பிள்ளையின் அப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் அவர்கள் வீட்டு வாசற்படியில் நிற்கும் படம். "ஏம்பா, என் வீட்டு வாசல் நிலை என்ன வாழைமரமா, இப்படி வளைஞ்சு நிக்குது? நானே எழைச்சு நட்ட நிலைப்பா அது!" என்றார். அவர் தச்சர். படத்தில் நிலை வளைந்து, மாப்பிள்ளையின் தோள் பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

"ஸ்கிரீன்ல கோணலாத் தெரிஞ்சுதுங்க. நேராக்கினேன்" என்றான் மகன்.

"நேரா இருந்தத நேராக்கிட்டியா?" என்று தச்சர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். நாங்களும் சிரித்தோம்.

"போதும். அந்தக் கண்ணாடியத் தூக்கிப் போட்டுட்டு மேட் வாங்குங்க" என்று மருமகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவனும் ஓய்ந்துபோயிருந்தான், சரி என்றான். பூசணி ஒரு மேட் ஸ்கிரீனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். "போட்டுப் பாருடா. புடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கறேன். அம்மா, நீங்க இன்னும் கிளாஸி கட்சிதானா?"

"கட்சி மாறற பழக்கம் எனக்கில்ல" என்றேன்.

அன்றைக்குக் காலை அந்த அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. மருமகள் திரைச்சீலைகளை உருவிப் போட்டாள். ஜன்னலைத் திறந்ததும் வெயில் நேரே ஸ்கிரீனில் விழுந்தது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட அதில் பிரதிபலிக்கவில்லை. "பாத்தீங்களா அத்தை!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தான். தச்சரின் படத்தைத் திறந்தான். பார்த்தான். சாய்ந்து பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"இதுலயும் இருக்கு" என்றான்.

பூசணி சிரித்தான். "டேய், மேட்ல எப்படிடா பிம்பம் விழும்? வெளிய சொல்லித் தொலைக்காத, என் யாவாரம் படுத்துடும்."

மகன் சிரிக்கவில்லை. "ஆஃப் பண்ணு" என்றான். அணைத்தார்கள். வெறும் சுவரைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தான். கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, உனக்கு மூக்கு எங்கம்மா?"

விளையாட்டுக்குச் சொல்வதுபோல்தான் சொன்னான். மருமகள் என் கையை விட்டுவிட்டு அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பூசணி சுருட்டியிருந்த ஒயரை மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தான்.

கண் டாக்டர் இளவயதுப் பெண். "நேரா இருக்கற கம்பம், கதவு ஏதாவது வளைஞ்ச மாதிரி தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணுக்குள்ளே நடுப்பகுதி கெட்டுவிட்டது, இரண்டு கண்ணிலும். ஓரத்துப் பார்வை இருக்கும். நேரே பார்ப்பது இனி வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற ஊசி போடலாம் என்றாள்.

"ஏங்க இவ்வளவு நாள் விட்டீங்க?"

"ஸ்கிரீன்னு நெனச்சேன் டாக்டர்."

"எந்த ஸ்கிரீனும் இதச் செய்யாது" என்றாள்.

அதனால் சொல்கிறேன், யார் எத்தனை வாதாடினாலும் கிளாஸியின் பெரிய குறை தலைவலியும் இல்லை, தூசியும் இல்லை. எந்தப் பழியைப் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொண்டது, அதுதான். முதல் நாளே மங்கல் ஸ்கிரீனாக இருந்திருந்தால், வெளிச்சம் விழுகிறது என்று சொல்ல அவனுக்கு இடம் இருந்திருக்காது. எழுந்து டாக்டரிடம் போயிருப்பான். மருமகள் ஒருநாளும் "நான் அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?" என்று என்னைக் கேட்டதில்லை. கேட்டாலும், கறுப்பு கிளாஸியில்தான் கறுப்பாக இருந்தது என்றுதான் சொல்வேன்.

ஸ்டுடியோக்காரர்கள் படம் அனுப்புவது நின்றுவிட்டது. மேட்டில் மருமகள் டைப் அடிக்கிறாள். தட்டிலே சோறு எங்கே, குழம்பு எங்கே என்று மகன் ஓரக்கண்ணால் கண்டுபிடித்துச் சாப்பிடுகிறான். ஒன்றை நேரே பார்த்தால் அது மறைந்துபோகிறது. பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் வேறெங்கோ பார்க்க வேண்டும். டாக்டர் அப்படித்தான் பழகச் சொன்னாள். போனவாரம் வந்த என் நாத்தனார், "பெத்தவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசமாட்டானாமே, என்ன கோவம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேற்றுச் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தான்.

"அங்க என்னடா பாக்கற?" என்றேன்.

"உன்னத்தாம்மா பாக்கறேன். கொஞ்சம் அசையாம இரு" என்றான்.