உள்மூடியில் இருந்த ஓவியம்

ஸ்டெல்லா டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். "அம்மா போயிட்டாங்க சேர்" என்று அவருடைய மகள் ஒரு வரி அனுப்பியிருந்தாள். படித்துவிட்டு ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் மரக்கறி விலையைப் பற்றிப் பேசினார். பதிலும் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

கொட்டகலையில் அவரிடம் வரலாறு படித்த உங்களுக்கு அவர் குரல் நினைவிருக்கும். நான் பக்கத்து வகுப்பில் தமிழ் கற்பித்தவன். அவர் வீட்டில் ஒரு பழைய சுவிஸ் தங்கக் கடிகாரம் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. சட்டைப் பையில் சங்கிலி போட்டு வைக்கும் வகை. தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை இங்கிலாந்து திரும்பும்போது டீச்சரின் மாமனாருக்குக் கொடுத்தது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி. அதில் சிறிய ஓவியம்: பழைய கிரேக்கக் கதையின் தெய்வப் பெண்ணும் அவள் ஆசைப்பட்ட வேட்டைக்காரனும், உடையில்லாமல், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி.

அதைச் சுரண்டி எடுக்க அவர் கணவர் அருளப்பன் ஹட்டனில் ஒரு நகைக்கடைக்கே கொண்டுபோய்விட்டாராம். டீச்சர் பின்னாலேயே போய் மீட்டுவந்தார்.

"அதுல என்னங்க அசிங்கம், ரெண்டு பேரும் ஆசையாத்தானே இருக்காங்கன்னு கடைக்காரர் முன்னாடியே கேட்டேன் சேர். இவரு வெளியே போயி நின்னுக்கிட்டாரு."

ஆணின் மடியில் பெண் உட்கார்ந்திருக்கும் அநுராதபுரத்துக் காதலர் சிற்பம் பாடத்தில் வந்தபோதும் அவர் அதைத் தாண்டிப் போகவில்லை. அந்தக் காலத்தவர்கள் ஆசையை ஒளித்துவைக்காமல் கல்லில் செதுக்கினார்கள் என்று விளக்கினார். சில பெற்றோர் புகார் கொடுத்தார்கள். இடமாற்றம் வரை பேச்சு வந்தது. சமாதானமாகப் போகச் சொல்லிப் பள்ளி அதிபர் என்னை அவரிடம் அனுப்பினார்.

"ஒடம்பச் சொல்லித் திட்டறதுக்கு மட்டுந்தான் நம்ம புள்ளைங்ககிட்ட வார்த்தை இருக்கு. அழகுன்னு சொல்லவும் ஒண்ணு இருக்கட்டுமே சேர்" என்றார் டீச்சர்.

பெற்றோர் கூட்டத்தில், கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்திருந்த ஒரு தாய் எழுந்தார்.

"அந்தக் கல்லுல இருக்கற பொண்ணு விரும்பித்தான் அவன்கிட்ட ஒக்காந்திருக்காளா டீச்சர்?"

"விரும்பித்தாம்மா."

"அப்ப சரிங்க."

புகார் அதோடு நின்றது. ஓய்வுபெறும் வரை டீச்சர் அங்கேயே இருந்தார்.

அருளப்பன் பக்கவாதம் வந்து படுத்தபிறகு நான் அடிக்கடி போவேன். அவருக்குப் பேச்சு போயிருந்தது. மாலையானால் அலமாரியைக் கைகாட்டுவார். டீச்சர் கடிகாரத்தை எடுத்துவந்து, கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்து, உள்மூடியைத் திறந்து பிடிப்பார். சுரண்டப் போன அதே மனிதர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் கை டீச்சரின் மடியில் கிடக்கும். நான் இருப்பதை இருவரும் பொருட்படுத்தியதில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் டீச்சரை அடக்கம் செய்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. கொழும்பில் ஒரு வியாபாரி கடிகாரத்தைக் கேட்பதாக மகள் சொன்னாள். "குடுத்துடவா சேர்?"

"நீயே வச்சிக்கம்மா" என்றேன். குழியில் மண் போட்டேன். பஸ் ஏறினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது மனைவி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பையை வாங்கும்போது விரல் படுவதோடு சரி, நாங்கள் பல வருடங்களாக அப்படித்தான் இருந்தோம். நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"என்னங்க, காய்ச்சலா?"

இல்லை என்றேன்.

"அப்ப விடுங்க, மா காயுது" என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.