ஆள் இல்லாத படம்

எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த வீட்டை விற்பதற்காக நான் ஆறு மாதம் தவியாய்த் தவித்தேன். வீடு என்னுடையது அல்ல, மாமனாருடையது. தவிப்பு மட்டும் என்னுடையது. என் கணவருக்கு டில்லிக்கு மாற்றலாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதை விற்று அங்கே ஒரு வீடு வாங்கினால் எல்லோரும் போய்விடலாம். அதுவரை அவர் அங்கே ஒண்டிக்கட்டை, மாமனார், நான், மகள் மூவரும் இங்கே. என் ஐந்து வயது மகளுக்கு அப்பா என்றால் நீலநிற இன்லண்ட் லெட்டர். தபால்காரர் குரல் கேட்டால் "அப்பா வந்தாச்சு" என்று வாசலுக்கு ஓடுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாங்குவதாகச் சொன்னவர் பம்பாயில் பாங்க் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெறப்போகிறவர். லீவு கிடைக்காது, வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பிடித்திருந்தால் அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். போட்டோதானே, நாளைக்கே எடுத்தால் போயிற்று என்று நான் நினைத்தேன்.

மாமனார் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கவே பத்து நாள் ஆயிற்று. அன்றைக்கு லஸ் பக்கத்து ஸ்டூடியோக்காரர் ஸ்டாண்டும் பெட்டியுமாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். ஒட்டடை அடித்து, தரையைத் தேய்த்து, கை ஓய்ந்து நான் நிமிர்ந்தால், மாமனார் மயில்கண் வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாகக் கூடத்தின் நடுவில் நிற்கிறார். வீட்டைத்தான் எடுக்கவேண்டும் என்றேன். ஆள் இல்லாமல் படம் பிடிக்கிறது எங்கேயாவது உண்டா என்றார். ஸ்டூடியோக்காரரும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

"ஆளே இல்லாம இன்னாத்த எடுக்கறது? வூடு இன்னா, சிரிக்கவா போவுது?"

அவர் ஆயுசில் எடுத்ததெல்லாம் கல்யாண ஜோடியும் மொட்டையடித்த குழந்தையும்தான்.

தொலையட்டும் என்று நானும் மகளும் போய் மாமனார் பக்கத்தில் நின்றோம். மூன்று பேராக நின்று படம் எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு ஆகாது என்று அவர் உடனே விலகிவிட்டார். நாலாவதாகப் பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டோம். மாமி தீபாவளிப் பட்டைக் கட்டி, தலை பின்னி, பூ வைத்துக்கொண்டு வர முக்கால் மணி நேரம். பிறகு கூடத்தில் நால்வர், சமையலறையில் நால்வர், கிணற்றடியில் நால்வர். மொத்தம் பன்னிரண்டு படம். பன்னிரண்டிலும் மாமி.

பம்பாயிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. குடும்பத்தார் அனைவரையும் கண்டதில் மகிழ்ச்சி, ஆனால் சுவர் எதுவும் தெரியவில்லை, சமையல் மேடை எந்தப் பக்கம் என்று என் மனைவி கேட்கிறாள், பட்டுப்புடவை அம்மாள் மறைக்கிறார், ஆள் இல்லாமல் எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார். அடையாற்றில் இன்னொரு வீடும் பேச்சில் இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி.

கடிதத்தை மாமனாரிடம் காட்டினேன்.

"நான் உசிரோட இருக்கச்சே பாழ் வீடு மாதிரி எடுத்து அனுப்பணுமா?" என்றார்.

அதற்கு மேல் அவரோடு பேசிப் பயனில்லை. எனக்கோ பொறுமை பிறவியிலேயே கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சைதாப்பேட்டை கோர்ட்டுப் பக்கம் இருந்த வக்கீல் குமாஸ்தாவிடம் வீட்டுப் பத்திரத்தின் நகல் வாங்கி வரச்சொல்லி மாமனாரைப் பஸ் ஏற்றிவிட்டேன். அந்த நகல் ஒரு வாரமாக என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. குமாஸ்தா கோர்ட்டிலிருந்து வெளியே வர ஐந்து மணியாகும், இவர் திரும்ப ஆறாகும் என்பது என் கணக்கு.

பஸ் நகர்ந்ததும் ஸ்டூடியோக்காரரைக் கையோடு அழைத்து வந்தேன். மாமனாரின் சாய்வு நாற்காலி, மருந்து பாட்டில்கள், மூக்குப்பொடி டப்பா, கொடியில் கிடந்த துண்டு எல்லாவற்றையும் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒவ்வொன்றாக வெளியே போகப் போக வீடு பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

கடைசியாகக் கூடம். ஸ்டூடியோக்காரர் காமிராப் பெட்டியை வாசற்படியில் உள்நோக்கி வைத்திருந்தார். நாலு மணி வெயில் அவர் தலைக்கு மேலாகக் கூடத்தின் கோடிவரை போயிருந்தது. திடீரென்று தரையில் ஒரு நிழல் விழுந்தது. திரும்பினேன். படிக்குக் கீழே மாமனார்.

"குமாஸ்தா இன்னிக்குச் சீக்கிரமே வெளியே வந்துட்டான். நகலை நீ போன வாரமே வாங்கிண்டு வந்துட்டியாமே?" என்றார். குரலில் கோபமே இல்லை.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த ஸ்டூடியோக்காரருக்கு இது எதுவும் தெரியாது.

"சாமி, நெயலு வுழுது. கொஞ்சம் தள்ளிக்க."

மாமனார் கூடத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போனார்.

"போறுமா?"

"இன்னும் கொஞ்சம்."

கேட்டைத் தாண்டினார். தெருவில் இறங்கி, எதிர்ச்சாரி விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றுகொண்டார். கூடம் பளிச்சென்று ஆயிற்று. படம் எடுத்தாயிற்று. அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதிதான், வெட்கம் அப்புறம்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

படங்கள் அருமையாக வந்திருந்தன. பதினைந்து நாளில் அட்வான்ஸ் வந்தது. மாமனார் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார், எங்களோடு டில்லிக்கும் வந்தார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

டில்லியில் மகளின் பிறந்தநாளன்று கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் காமிரா கொண்டுவந்தார். எல்லோரும் உட்காருங்கள் என்று அவர் சொன்னதுமே மாமனார் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நீங்களும் வாங்கோப்பா என்று என் கணவர் கூப்பிட்டார்.

"நான் இங்கேயே நிக்கறேன். படம் நன்னா வரட்டும்" என்றார் வெளியிலிருந்து.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் கணவர் என்னைப் பார்த்தார். நான் இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.