கையுறையோடு காத்திருந்த பருவம்

உதைபந்தாட்டத்தில் விளையாடாமல் இருப்பதற்கென்றே ஒரு ஆளை வைத்திருப்பார்கள். அவருக்கு இரண்டாவது கோல்காப்பாளர் என்று பெயர், எங்கட பேச்சில் இரண்டாவது கோலி. நோர்வேயின் இரண்டாம் நிலை லீக்கில், ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துக் கழகமொன்றில், ஒரு பருவம் முழுக்க நான் அந்த ஆளாக இருந்தேன். யாருக்காவது சுகமில்லாமல் போனால்தான் தனக்கு வேலை என்று காலையில் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் 'விக்கார்' என்ற பதிலாட்களே, நான் உங்களில் ஒருவன்.

சுகதேகி

ஏப்ரல் மாதம், முதல் ஆட்டம். மைதானத்தின் ஓரத்தில் ஒதுக்கிய பனி இன்னும் கரையவில்லை. முதல் கோலி ஐரிக்குக்குப் பந்தடித்து அவருடைய உடம்பைச் சூடாக்குவது என் பொறுப்பு. என் இடத்தில் நிற்கும் மனிதரை நானே நன்றாக விளையாட வைக்கவேண்டும். அவருக்கு முப்பத்தாறு வயது. முழங்காலில் ஒரு கட்டுக்கூட இல்லை.

"உனக்குக் காயமே வாறேல்லையோ?" என்று பகிடியாகக் கேட்டேன். ஐரிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு நோர்வேஜியத்தில் அமைதியாகச் சொன்னார்: "சின்னனில ஒருக்கா தடிமன் காய்ச்சல் வந்தது."

மஞ்சள் அட்டை

மே மாதம் அப்பா தன் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லிங்ஸ்ருட்டிலிருந்து இரண்டு கார் நிறைய ஆட்கள். நான் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். சப்பாத்து நாடாவை எத்தனை தரம் அவிழ்த்துக் கட்டினேனோ தெரியாது. எங்கள் பக்கம் ஒரு கோர்னர் உதை தரவேண்டிய இடத்தில் நடுவர் தரவில்லை. இருக்கப் பொறுக்காமல் எழுந்து கோட்டைத் தாண்டிக் கத்திவிட்டேன். வெளியில் இருந்த எனக்கே மஞ்சள் அட்டை காட்டினார்.

ஆட்டம் முடிந்து கார்த் தரிப்பிடத்துக்குப் போனேன். "தம்பி இண்டைக்கு விளையாடேல்லைப் போல" என்று ஒருவர் அப்பாவிடம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாடாத ஆளுக்கு ஏன் காணும் நடுவர் கார்ட் காட்டுறார்?"

வாங்கு

என் மனைவி காவ்யா சென்னைக்காரி, ஐ.டி. வேலைக்கு ஒஸ்லோ வந்தவள். நாங்கள் முதன்முதலாகச் சந்தித்தது இந்தப் பருவத்துக்கு முன்னர், வேறொரு கழகத்தில் நான் இதே வேலையைப் பார்த்த காலத்தில். எந்த இடத்தில் விளையாடுகிறேன் என்று கேட்டாள். பொய் சொல்ல மனமில்லை. "அநேகமா வாங்கிலதான் இருக்கிறனான்" என்றேன். நாங்கள் வாங்கு என்பதை அவர்கள் பெஞ்ச் என்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் முகம் மலர்ந்தது. "அட, பேங்க்லயா? அப்ப ஃபுட்பால் சும்மா பார்ட் டைமா?"

பயிற்றுநரின் அறை

கோடையில் லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒரு கழகம் கேட்டது. ஒரு படி கீழ் லீக், ஆனால் முதல் கோலியின் இடம். பருவம் முடியும்வரை பொறுக்கத் தயாராக இருந்தார்கள். சாப்பிடும்போதுகூட என் கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தது. "கீழ போனா உன் பெயர் போயிடும்னு பயப்படுற. அந்தப் பெயரை இப்ப யாருக்குத் தெரியும்?" என்று காவ்யா கேட்டாள்.

பயிற்றுநரிடம் போய் நேராகவே கேட்டேன், நான் இங்கே தேவையா இல்லையா என்று. நல்ல மனிதர், கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னார். அவர் சொன்னது இதுதான்: "நீ கட்டாயம் தேவை. விளையாடத்தான் தேவையில்லை."

அன்று பின்னேரமே லில்லெஸ்ட்ரோமுக்கு ஓம் சொன்னேன்.

இடைவேளை

நவம்பர், கடைசி ஆட்டம். தோற்றால் கீழ் லீக்குக்கு இறங்கவேண்டும், சமநிலை போதும். ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் இடைவேளைக்கு உள்ளே வந்தோம். ஐரிக் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது. மனைவிக்கு வலி கண்டுவிட்டது, சொன்ன திகதிக்கு வெகு முன்னதாக. பயிற்றுநர் வாயைத் திறக்குமுன்பே ஐரிக் ஜக்கெட்டை மாட்டிவிட்டார், சப்பாத்தைக்கூட மாற்றவில்லை.

கதவடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வாழ்த்துவார் என்று நினைத்தேன். "ரெண்டாம் பாதியில வெயில் நேர கண்ணுக்குள்ள குத்தும். என்ர தொப்பியைப் போடு."

விடடா

போட்டேன். முதல் பந்தைப் பார்வையாளர்களுக்குள் அடித்தேன். இரண்டாவது கையில் பட்டு வழுக்கியது. நல்லகாலம், விழுந்து அமத்திவிட்டேன். அதன்பிறகு பந்து வரவே இல்லை. கம்பத்துக்குக் கம்பம் நடந்தேன்.

கடைசி நிமிடங்களில் ஒரு உயரப் பந்து வெயிலுக்குள் இருந்து இறங்கியது. பின்வரிசை யூனாஸும் அதற்குத்தான் ஓடினான். "கீப்பர்!" என்று கத்தவேண்டும், எத்தனையோ வருடம் பழகிய சொல். ஆனால் நோர்வேயில் பிறந்து வளர்ந்த என் வாயிலிருந்து வந்தது "விடடா!" யூனாஸ் விடவில்லை. என் கைமுட்டி பந்திலும் பட்டது, அவன் மூக்கிலும் பட்டது. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலாலே போனது. கொஞ்ச நேரத்தில் விசில். நாங்கள் இறங்கவில்லை. என்மேல் ஆட்கள் வந்து விழுந்தார்கள். நான் அழுதேன் என்று அப்பா சொல்கிறார், இருக்கலாம்.

உடுப்பு மாற்றும் அறையில் யூனாஸ் இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சோடு பக்கத்தில் வந்து குந்தினான். பெண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஐரிக்கின் செய்தியைக் காட்டினான். பிறகு கேட்டான்: "அந்த 'விததா' எண்டால் 'நான் பாக்கிறன்' எண்டோ, இல்லை 'நீ பார்' எண்டோ?"

இப்போது லில்லெஸ்ட்ரோமில் கிழமைக்குக் கிழமை முழு ஆட்டமும் விளையாடுகிறேன். ஆனாலும் வாங்கில் இருந்த காலத்தில் களைத்ததுபோல இன்னும் ஒருநாளும் களைத்ததில்லை.